ஒரு கட்டை கீழே

அந்த ஓபரா அரங்கில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தராசு என்பார்கள். வயதில் சின்னவர்களுக்குத் தராசக்கா. ஓபரா என்றால் பயப்பட ஒன்றுமில்லை, வசனத்துக்குப் பதில் முழுக்கப் பாட்டாகவே நடிக்கிற நாடகம். அதில் கோபம் வந்தாலும் பாடுவார்கள், கடன்காரன் கதவைத் தட்டினாலும் பாடுவார்கள், கத்திக்குத்து வாங்கி விழுந்தவன்கூட ஆற அமரப் பாடி முடித்துவிட்டுத்தான் உயிரை விடுவான். அந்தப் பாட்டுக்காரர்களுக்கு ஒத்திகையில் பியானோ வாசிப்பது அவள் வேலை. மேடையேறும் நாளில் பெரிய இசைக்குழு வந்து உட்கார்ந்துவிடும், பியானோ தேவைப்படாது. அன்றைக்கு அவள் கடைசி வரிசைக்குப் பின்னால், கதவோரம் கைகட்டி நின்று கேட்பாள்.

தராசு என்ற பெயர் வந்ததற்கு ஒரு கதை உண்டு. புதிதாகப் பாட வருகிறவர்களை வைத்துக் கேட்பதற்கு அந்த அரங்கில் கேட்பு என்று பெயர். முன்பொரு காலத்தில் அங்கிருந்த கண்டக்டருக்கு முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல வாய் வராதாம். (கண்டக்டர் என்றதும் பஸ்ஸை நினைக்க வேண்டாம், இவர் இசைக்குழுவை நடத்துகிறவர். ஆனாலும் இறங்கு என்று சொல்கிற அதிகாரம் இவருக்கும் உண்டு.) பாட்டு முடிந்ததும் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பியானோ வாசிப்பவர் மூடியை மூடினால் இல்லை, திறந்தே விட்டால் உண்டு. அந்த மனிதர் போய்ச் சேர்ந்தார், பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

இவள் கைக்கு அந்த மூடி வந்த பிறகு தாட்சண்யம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மேனேஜரின் மச்சான் ஒருமுறை பாட வந்தான். கடைசி வரி அவன் வாயில் இருக்கும்போதே மூடி இறங்கிவிட்டது. "நல்ல உயரம் தம்பி, கூட்டத்துல வேல் புடிச்சு நிக்கலாம்" என்றாள். அவனும் இரண்டு வருஷம் வேல் பிடித்து நின்றான். மேனேஜருக்கு மனத்தாங்கல்தான், ஆனால் மச்சானின் பாட்டை வீட்டிலும் கேட்டவர் அவர், அதனால் வாயைத் திறக்கவில்லை.

அவள் வீட்டுக்காரரும் அதே மூடி வழியாக வந்தவர்தான். கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்த இளைஞர். டெனர் குரல், அதாவது ஆண் குரல்களில் உச்சிக்கு ஏறுகிற குரல். கேட்புக்கு வந்தவர் கரைப்பாட்டைப் பாடினார். அந்தப் பாட்டு தெரியாதவர்கள் அந்த ஊரில் கிடையாது. முடி வெட்டுகிறவரும் முணுமுணுப்பார், பல் பிடுங்குகிறவரும் முணுமுணுப்பார். கப்பலேறிப் போகிற பெண்ணைப் பார்த்துக் கரையில் நிற்கிறவன் பாடுவது. இரு, இரு என்று பாட்டு முழுக்கக் கெஞ்சிவிட்டு, கடைசியில் மனசு மாறிப் 'போ' என்று ஒரே ஒரு சொல்லை உச்சத்தில் வைத்து நிறுத்துவான். அத்தனை டெனர்களும் தடுக்கி விழுகிற இடம் அதுதான்.

கண்ணாடிக்கடைக்காரர் விழவில்லை. அவள் அப்போது வேலைக்குப் புதிது. மூடியைத் திறந்தே விட்டாள். போதாதென்று, வாயை அடக்க முடியாமல், "இதுதான்" என்றும் சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தையைத்தான் தன் அண்ணன் கல்யாணம் செய்துகொண்டான் என்று நாத்தனார் இன்றைக்கும் கேலி செய்வாள். நாத்தனாருக்கு அதே அரங்கில் உடுப்புத் தைக்கிற வேலை. ஊசியைவிட நாக்கு கூர்.

வேலை கிடைத்தது, ஆனால் கூட்டத்தோடு பாடுகிற வேலை. அப்போது கதாநாயகன் இடம் காலியாக இல்லை. காலியானபோது வெளியிலிருந்து பெரிய பேர் வாங்கிய ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அவர் போனார், இன்னொருவர் வந்தார். இவர் இரண்டாம் வரிசையில், இடமிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மாலுமியாகவும் சிப்பாயாகவும் கல்யாண வீட்டு விருந்தாளியாகவும் நின்று தலைநரைத்தார். அதில் அவருக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு நாடகம் முடிந்ததும் வீட்டுக்கு நடக்கிற வழியில் "எப்படி?" என்று கேட்பார். அவள் உள்ளதை உள்ளபடி சொல்வாள்.

"ரெண்டாவது பாட்டுல மூச்சு பத்தல."

"சரி."

"கல்யாணக் காட்சில எல்லாரையும் முந்திட்டீங்க. விருந்துக்கு அவ்வளவு அவசரமா?"

"பசிம்மா."

எப்போதாவது "பரவால்ல" என்பாள். அன்றைக்கு அவர் இரண்டு தட்டு சாப்பிடுவார். 'இதுதான்' என்பதை மட்டும் அவள் திரும்பச் சொன்னதில்லை. அவரும் கேட்கவில்லை. ஒருமுறை சொன்னது ஆயுசுக்கும் போதும் என்பது போல அவர் வைத்துக்கொண்டார்.

ஊரே எழுந்து நின்று கைதட்டிய கதாநாயகப் பாடகரைப் பற்றியும் வழியில் பேச்சு வரும். "அவர் எப்படி?" என்பார் இவர், கொஞ்சம் ஆசையாக.

"சத்தம் இருக்கு. மேல போறதுக்கு முன்னாடி பயந்துட்டார், தோள் ஏறிடுச்சு பாத்தீங்களா? அந்தப் 'போ'வைச் சொல்லணும். அவர் கல்லை எறியற மாதிரி எறிஞ்சார். அவ பாவம், கப்பல்ல அடிபட்டிருப்பா."

இவர் நடுத்தெருவில் நின்று சிரிப்பார்.

இப்படிப்பட்டவள்தான் பொய் சொன்னாள். எப்படி என்று கேட்டால், வேறெப்படி, பாசத்தால்தான்.

ஒரு குளிர்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் விட்டுக் காப்பாற்றினார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார். பேச்சும் பழையபடி வந்தது. பாட்டில் மேல்பாகம் மட்டும் வரவில்லை. அவர் சன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் இல்லை. நாத்தனார் வந்து உலகத்துக் கேலியெல்லாம் செய்தும் முகம் அசையவில்லை. இந்த மனுஷன் பிழைத்தும் பிழைக்கவில்லையே என்று பெண்டாட்டி பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று அழுதாள்.

ஒருநாள் சாயங்காலம் அவராகவே, "அதைக் கொஞ்சம் வாசியேன்" என்றார். வீட்டில் இருந்தது மின்சாரப் பியானோ. பழைய மரப் பியானோவை இந்த மாடிப்படியில் ஏற்ற முடியாது என்று விற்றுவிட்டு வாங்கியது. அவள் கரைப்பாட்டை வாசித்தாள். கடைசிச் சொல்லில் அவர் குரல் பிளந்தது. அவர் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்தப் பியானோவின் பின்பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. கீழ்ப்பக்கம் அமுக்கினால் வாத்தியம் முழுவதும் அரைக்கட்டை சுருதி இறங்கும், மேல்பக்கம் அமுக்கினால் ஏறும். விரல் பழைய இடத்திலேயே ஓடும், சத்தம் மட்டும் கீழே வரும். மறுநாள் அவர் சும்மா பார்க்கலாம் என்று எழுந்து வந்தபோது அவள் அதை அமுக்கியிருந்தாள். திட்டம் போட்டெல்லாம் இல்லை. கை போயிற்று, அமுக்கிற்று. அன்றும் குரல் ஏறவில்லை, ஆனால் பிளக்கவும் இல்லை. சில நாள் கழித்து இன்னும் அரைக்கட்டை இறக்கினாள். ஆக ஒரு கட்டை. அன்று 'போ' வந்து நின்றது.

அவர் சட்டென்று திரும்பி, "எப்படி?" என்றார்.

"பரவால்ல."

அவர் அழுதுவிட்டார். பிறகு அடுப்படிக்குப் போய் என்ன இருக்கிறது என்று பாத்திரங்களைத் திறந்து பார்த்தார். நீங்களே சொல்லுங்கள், அந்த நேரத்தில் எந்தப் பெண்டாட்டி பொத்தானைத் திருப்பி அமுக்குவாள்?

அவருக்குச் சந்தேகம் வரவில்லையா என்றால், வராது. அவருக்கு ஸ்வரத்தைக் கேட்ட மாத்திரத்தில் இன்னது என்று சொல்கிற காது கிடையாது. பாட்டுக்காரர்களில் பாதிப்பேருக்குக் கிடையாது. சட்டைப் பையில் சுருதி பார்க்கிற இசைக்கவை ஒன்று இருந்தது, தட்டினால் ரீங்கென்று ஒரே ஸ்வரத்தைச் சொல்லும் இரட்டை முள் இரும்பு. அதை எடுத்துப் பெண்டாட்டி வாசிப்பதைச் சரிபார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அவருடைய சுருதி அவள் விரல்தான்.

அவர் மறுபடி கூட்டத்தோடு பாடப் போனார். பத்துக் குரலோடு ஒரு குரல், மேலே ஏறாதது யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் கேலி திரும்பி வந்தது. நாத்தனார், "எங்கண்ணன் பழையபடி ஆயிட்டான் அண்ணி, இனிமே அவன் ரெண்டு தட்டுக்கு நீங்க சமைச்சு மாளாது" என்றாள். அவள் சிரித்தாள்.

அடுத்த பருவத்துக்குக் கரைப்பாட்டு வருகிற நாடகத்தையே போடுவதாக அறிவிப்பு வந்தது. கதாநாயகனுக்கு உடம்பு சரியில்லை என்றால் பாட ஒரு மாற்றுப் பாடகர் வேண்டும், உள்ளே இருப்பவர்களே பாடிக் காட்டலாம் என்றார்கள். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தபோது அவர் பின்னால் வந்து நின்றார்.

"உன்னைக் கேக்காமலே பேரு குடுத்துட்டேன்."

அவள் கையில் அவருடைய சட்டை இருந்தது. "இந்த வயசுலயா?" என்றாள், வேறு எதுவும் வாயில் வராமல்.

"வயசா பாடுது? தினம் நீயே கேக்கற, நீயே பரவால்லங்கற. உன் வாயிலிருந்து பரவால்ல வர்றது லேசா?"

அவள் சட்டையை மடித்து வைத்தாள். சொல்ல வேண்டியதை மென்று விழுங்கினாள். விழுங்கினது உள்ளே இறங்கவும் இல்லை.

அவர் கடைக்குப் போய்க் காலுக்குப் புதிதாக ஷூ வாங்கினார். நாத்தனார் ஒரு படி மேலே போய், மிச்சத் துணியில் அண்ணனுக்குக் கதாநாயகன் போடுகிற நீலக் கோட்டை இப்போதே வெட்டித் தைக்க ஆரம்பித்தாள். "கழுத்தை ஒரு விரல் தளத்தி வச்சிருக்கேன் அண்ணி, மேல போறப்ப இறுக்கக் கூடாது பாருங்க."

அவள் ஒரு வழி பார்த்தாள். ஒருநாள் பொத்தானை அரைக்கட்டை ஏற்றி வைத்தாள். மெல்ல மெல்லப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய்விடலாம் என்று ஒரு நப்பாசை. அவர் குரல் உச்சியில் கிழிந்தது. "இன்னைக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்று கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு சாப்பிடாமல் படுத்தார். மறுநாள் காலையிலும் எழுந்து சன்னல் நாற்காலிக்குத்தான் போனார். சாயங்காலம் அவள் மறுபடி இறக்கினாள். குரல் வந்தது, ஆளும் வந்தார். அதற்குப் பிறகு அவள் ஏற்றிப் பார்க்கவில்லை.

கேட்பு நாளன்று காலையில் இப்போதைய கண்டக்டரிடம் போய், "இன்னைக்கு வேற யாரையாவது வாசிக்கச் சொல்லுங்க சார். சொந்தக்காரர், நல்லாயிருக்காது" என்றாள்.

"அவரே வந்து கேட்டாரே. நீங்க வாசிச்சாத்தான் பாட வரும்னார்" என்றார் கண்டக்டர். "உங்க மூடியை யாரும்மா சந்தேகப்படப் போறாங்க?"

ஒத்திகை அறை நீளமானது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, தரையில் நாடகத்துக்குப் போட்ட சுண்ணக்கட்டிக் கோடுகள். மேசைக்குப் பின்னால் கண்டக்டரும் மேனேஜரும். நாத்தனார் கழுத்தில் அளவு நாடாவோடு கதவிடுக்கில் நின்றாள். அவர் புது ஷூவோடு வந்து பியானோவின் வளைவில் நின்று, அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

இந்தப் பியானோவில் பொத்தான் கிடையாது. சரியான சுருதியில் வாசித்தால் இவர்கள் முன்னால், தங்கையின் கண்முன்னால், அவர் உடைவார். அவள் விரலை எடுத்து ஒரு கட்டை கீழே வைத்து ஆரம்பித்தாள். கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு அது முடியும்.

முதல் ஒலியிலேயே கண்டக்டர் தலை நிமிர்ந்தது. அவருக்கு அந்தக் காது உண்டு. அவளைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த பென்சிலை மேசைமேல் வைத்தார்.

அன்று வீட்டுக்காரர் பாடினார் பாருங்கள். அவளுக்கு அழுகை வந்தது, விரல் ஓடிக்கொண்டிருந்ததால் அடக்கினாள். இரு, இரு என்பதை இளைஞர்கள் கட்டளை மாதிரிப் பாடுவார்கள். அவர் நடக்காது என்று தெரிந்தே கேட்கிறவன் மாதிரிப் பாடினார். எங்கேயும் தோள் ஏறவில்லை. உச்சிக்கு முன்னால் மூச்சை அவசரமில்லாமல் எடுத்தார். 'போ' என்று சொன்னார், எறியவில்லை. அந்தச் சொல் நின்றது, கொஞ்சம் மெலிந்தது, அவராகவே அதைக் கீழே வைத்தார். கண்ணாடிக்கடை இளைஞர் பாடியதைவிட இது ஒரு படி மேல். ஆனால் ஒரு கட்டை கீழ்.

மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்குச் சுருதியும் தெரியாது, ஒன்றும் தெரியாது, அழத் தெரியும். கண்டக்டர் பழக்கப்படி கூரையைப் பார்த்தார். பாடி முடித்தவர் பியானோவின் மூடியைப் பார்த்தார்.

திறந்தே விட்டால் இடம் அவருக்கு. கரைப்பாட்டு முடிகிற இடத்தில் கப்பலில் இருக்கும் பெண்களின் குரல் வந்து சேரும், இசைக்குழு சேரும். ஒருவருக்காக அத்தனையையும் இறக்க மாட்டார்கள். ஒருநாள் அவரை நீலக் கோட்டோடு மேடையில் நிறுத்துவார்கள், அரங்கு முழுக்க ஆள் இருக்கும், அவர் தன் குரலை நம்பி வாயைத் திறப்பார்.

அவள் மூடியை மூடினாள்.

"என்னம்மா இது, நல்லாத்தானே இருந்துச்சு" என்றார் மேனேஜர். "வீட்டுக்காரர்ங்கறதுக்காக இப்படியா?"

வீட்டுக்காரர் பியானோவின் வளைவிலிருந்து விலகினார். எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே போனார். புது ஷூ தரையில் கீச்சென்றது. கண்டக்டர் அவள் பக்கத்தில் வந்து, மற்றவர்கள் காதில் விழாமல், "நல்லா பாடினார்" என்றார். கொஞ்சம் நின்று, "நீங்களும் நல்லா வாசிச்சீங்க" என்றார்.

சாயங்காலத்துக்குள் அரங்கு முழுக்க இதே பேச்சு. கட்டின புருஷனுக்கே மூடினாளே, தராசு என்றால் இவளல்லவா தராசு என்று மேடைத் தச்சரிலிருந்து டிக்கெட் கிழிப்பவர் வரை மெச்சினார்கள். அவளுக்கு ஒவ்வொரு மெச்சலும் செருப்படி. நாத்தனார் மட்டும் மெச்சவில்லை. பாதி தைத்த நீலக் கோட்டைக் கையில் பிடித்தபடி வழிமறித்து, "உங்க நெஞ்சுல என்ன, பியானோ கம்பியா கட்டியிருக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அந்தத் திட்டுதான் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வீட்டுக்கு நடக்கிற வழியில் அவர் "எப்படி?" என்று கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து, அரங்கில் பாடிவிட்டு வந்து கேட்காத நாள் அதுதான். வீட்டுக்குள் வந்து ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, விளக்கைப் போடாமல் உட்கார்ந்தார்.

"சொந்தக்காரன்னு ஊரு பேசும்னு மூடினியா? அப்படின்னா சொல்லிடு. எனக்கு வருத்தமில்ல."

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிடுகிற மாதிரி ஒரு பொய். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழைய பொய்யே தொண்டையில் நிற்கும்போது புதிது எங்கே போகும்?

"இல்லீங்க."

"அப்ப பாட்டுல என்ன குறை?"

"குறையே இல்ல."

"பின்ன?"

அவள் எழுந்து விளக்கைப் போட்டாள். மின்சாரப் பியானோவுக்குப் பின்னால் கையை விட்டுச் சுருதியைப் பழைய இடத்துக்கு ஏற்றினாள். பிறகு, "கவையை எடுங்க" என்றாள்.

அவர் புரியாமல் எடுத்தார். அவள் சொன்னபடி முழங்காலில் தட்டிக் காதில் வைத்தார். அவள் பியானோவில் அதே ஸ்வரத்துக்கான வெள்ளைக் கட்டையை அமுக்கினாள். இரண்டும் ஒன்றாக நின்றன. பின்பக்கத்துப் பொத்தானை இரண்டு தடவை கீழ்ப்பக்கமாக அமுக்கிவிட்டு அதே கட்டையை அமுக்கினாள். இரண்டும் சேரவில்லை. அவர் மறுபடி தட்டிக் கேட்டார். மறுபடியும் சேரவில்லை. கவையைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றார். அதன் சத்தம் எப்போதோ ஓய்ந்திருக்கும்.

"எப்பயிருந்து?"

"ஆஸ்பத்திரிலிருந்து வந்ததுலிருந்து."

"இன்னைக்கு அங்கயும்?"

"அங்கயும்தான்."

"கண்டக்டருக்குத் தெரிஞ்சிருக்குமே."

"தெரிஞ்சுது."

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சரிபார்த்துக்கொள்கிற மாதிரி சொன்னார்.

"நீங்க அந்த நாற்காலில உக்காந்திருந்ததைப் பாக்க முடியலங்க" என்று அவள் அழுதாள். "வேற எனக்கு என்ன செய்யத் தெரியும்? வாசிக்கத்தான் தெரியும்." அவர் பக்கத்தில் வந்து அவள் தலையில் கை வைத்தார். அவர் திட்டியிருக்கலாம், பியானோவைத் தள்ளி உடைத்திருக்கலாம், அவள் தாங்கியிருப்பாள். அவர் தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு வெகுநேரமாக மனதில் வைத்திருந்ததைக் கேட்பது போல மெதுவாகக் கேட்டார்.

"முதல் நாள். நான் கண்ணாடிக் கடையிலிருந்து வந்தன்னைக்கு. 'இதுதான்'னு சொன்னியே."

"ஆமா."

"அன்னைக்கும் எறக்கித்தான் வாசிச்சியா?"

அவள் விருட்டென்று நிமிர்ந்தாள். "இல்லீங்க. சத்தியமா இல்ல. அன்னைக்குச் சரியான சுருதி. நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது, நான் எதுக்கு எறக்கணும்? அது நிசம். நான் சொன்னதுலயே நிசம் அதுதான்."

"சரிம்மா" என்றார் அவர்.

அவள் வாழ்க்கை முழுவதும் குரல்களைக் கேட்டவள். மூச்சு எங்கே பத்தவில்லை, எங்கே பயந்தான், எந்தச் சொல்லை மனதாரச் சொன்னான், எதை ஒப்புக்குச் சொன்னான் என்று கதவோரத்தில் நின்றே சொல்லிவிடுவாள். அந்தக் காது ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அந்தச் 'சரிம்மா' பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற குரலில் வந்தது. அதில் நம்பிக்கை ஒரு துளியும் இல்லை.

அவர் கவையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சாப்பிடலாமா என்று கேட்டார்.